பிராதில் இல்லாதது

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் வெள்ளைக்காலிகள் என்று ஏழு பெண்களுக்குப் பெயர். யார் வைத்த பெயரோ, அவர்கள் தெருவில் நடந்து போனால் டீக்கடையில் இருப்பவன்கூட அப்படித்தான் சொல்வான். நல்லமுத்துவின் கம்பெனியில் மண் கரைக்கிற தொட்டியில் அவர்களுக்கு வேலை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் வெள்ளை மண்ணைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு இறங்கினால், மிதித்துக் கரைத்து, கல்லையும் வேரையும் காலாலேயே தடவிப் பொறுக்கி எறிந்து, குழம்பைச் சல்லடையில் வடித்து அனுப்பிவிட்டுச் சாயங்காலம்தான் ஏறவேண்டும். அந்தக் குழம்பு அச்சில் ஊற்றப்பட்டு மானாகவும் மயிலாகவும் ஆகிச் சூளைக்குப் போகும். மானை வாங்கி அலமாரியில் வைக்கிறவர்கள் யாரும் தொட்டிப் பக்கம் வந்ததில்லை. வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

ஏழு பேருக்கும் சேற்றுப்புண். அதில் தங்கம்மாளுக்குத்தான் முற்றிப்போயிருந்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழை வேறு சேர்ந்துகொண்டது. விரலிடுக்கெல்லாம் வெந்த பனங்கிழங்குபோல வெளுத்து வெடித்து, சுரண்டினால் தோல் உரிந்து கையோடு வந்தது. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. சொறிந்தால் எரிச்சல், சொறியாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். பெரியாஸ்பத்திரியில் ஊதா மருந்து தொட்டு அனுப்பினார்கள். தொட்டியில் இறங்கிய அரைமணியில் அது கரைந்து போய்விட்டது.

அவளைவிடப் பத்து வயது மூத்தவள் பாஞ்சாலை. வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் நல்லமுத்து தொட்டியோரம் வந்தபோது நேராகவே கேட்டாள்.

“மொதலாளி, எங்க ஏழு பேருக்கும் ரப்பர் பூட்ஸு வாங்கிக் குடுங்க. காலு அழுவுது.”

“பூட்ஸு போட்டுக்கிட்டு மிதிச்சா கல்லு எப்பிடி தெரியும்? ஒரு கல்லு உள்ள போனா ஒரு சூளயே போச்சு.”

“கல்லு ஒங்களுக்குத் தெரியுது. காலு தெரியலியா?”

“தெரியுது தெரியுது. சேத்துல எறங்குறவளுக்குச் சேத்துப்புண்ணு வராம தங்கப்புண்ணா வரும்? கம்மாபுரத்துல எங்கம்மா நடவு நடல? செத்தா போயிட்டாங்க?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. விதை நெல்லை விற்று மேல்படிப்புப் படித்து, கடன் வாங்கிக் கம்பெனி வைத்தவன். அதனாலேயே யாருக்கும் எதையும் சும்மா கொடுத்துவிடக் கூடாது என்பதில் அவனுக்கு ஒரு பிடிவாதம்.

தங்கம்மாளின் புருஷன் அர்ச்சுனன் ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன் மூட்டையோடு பலகையிலிருந்து சரிந்து இடுப்புப் போய்விட்டது. இப்போது வீட்டில் உட்கார்ந்து கீற்று முடைவான், அதுவும் நாளைக்கு நாலு கீற்று. இரண்டு பெண் பிள்ளைகள். தங்கம்மாள் தொட்டியில் இறங்கினால்தான் வீட்டில் உலை ஏறும். கூட்ஸ் ஷெட் குமாஸ்தா சபேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓமியோபதி மருந்து கொடுப்பார் என்பதை அர்ச்சுனன்தான் சொன்னான்.

“நல்ல மனுசன். காசு வாங்க மாட்டாரு. எனக்கு அடிபட்டப்ப அவருதான் வண்டி புடிச்சி ஏத்துனாரு. போயிட்டு வா.”

சபேசன் தபால் மூலமே படித்துத் தேர்ந்தவர். முன்கூடத்தில் ஒரு மரப்பெட்டி, அதில் வரிசையாகச் சின்னச்சின்னக் குப்பிகள், பக்கத்தில் தலையணை தடிமனுக்கு ஒரு புத்தகம். அவர் கேட்ட கேள்விகள் தங்கம்மாளுக்குச் சிரிப்பை வரவழைத்தன.

“கால் வேர்க்குமோ?”

“தண்ணியில இருக்குற காலு வேர்க்குதா வேர்க்கலியான்னு எனக்கு எப்பிடி சாமி தெரியும்?”

“சரி. ராத்திரி தூக்கத்துல எதாவது பயந்துக்கறயா? கனா வர்றதா?”

“படுத்தா பொணம் சாமி. கனாவுக்கு ஏது நேரம்?”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் கோமளம் சிரித்தது கேட்டது. சபேசனும் சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டி, ஒரு குப்பியிலிருந்து கடுகு போன்ற சர்க்கரை உருண்டைகளைக் காகிதத்தில் கொட்டி மடித்தார்.

“இது சிலீசியா. மணலைப் பொடிபண்ணி, அரைச்சு அரைச்சு, லட்சத்துல ஒரு பங்கா ஆக்கி எடுக்கற மருந்து.”

“மண்ணா? அதுலதான சாமி நாளு பூரா நிக்கிறன்!”

“அதான் வேடிக்கை. இங்க பாரு தங்கம்மா, நன்னாக் கேட்டுக்கோ. இது தொணை மருந்துதான். ஆஸ்பத்திரி ஊதா மருந்தை விடப்படாது. முக்கியமா கால் காயணும். ராத்திரி அலம்பி, துணியால விரலிடுக்கெல்லாம் ஒத்தி எடு. இந்த மாத்திரை போட்டுண்டா முன்னாடி அரைமணி, பின்னாடி அரைமணி பூண்டு, வெங்காயம், பெருங்காயம்னு வாசனையா ஒண்ணும் வேண்டாம். கையால தொடாம வாயில போட்டுக்கோ.”

அவர் சொன்னது ஐந்து விஷயம். தங்கம்மாள் காதில் விழுந்தது ஒன்றுதான், பத்தியம். நம் ஜனங்களுக்கு மருந்தென்றால் பத்தியம்தான். அதில் தவறினால் மருந்து விஷமாகிவிடும் என்று தாய்ப்பாலோடு சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். அரைமணி என்று அவர் சொன்னதை அவள் நாள் முழுக்க என்று வைத்துக்கொண்டாள். பூண்டு போயிற்று, வெங்காயம் போயிற்று, வீட்டுக்குள் கருவாடு வரக்கூடாது என்றாயிற்று. கேழ்வரகுக் களிக்கு உப்பும் மிளகாயும் வைத்துத் தின்றார்கள். ஊதா மருந்துக்கும் ஒரு வாடை இருப்பதாக அவளுக்குப் பட்டது. அதையும் நிறுத்திவிட்டாள்.

“புண்ணு ஒனக்கு. கருவாடு எனக்கு ஏண்டி கெடையாது?” என்றான் அர்ச்சுனன்.

“ஒரே சட்டியில ஆக்கறன். வாட ஒட்டிக்காதா? பத்து நாளு பொறு மாமா.”

காலைக் காயவைப்பது மட்டும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை தொட்டி. வீட்டுக்கு வந்தால் மழை ஒழுகும் கூரை. துணியால் ஒத்தியெடு என்றார். இருந்த இரண்டு புடவையில் ஒன்று எப்போதும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும்.

பதினைந்தாம் நாள் பாதம் வீங்கிவிட்டது. தொடையிடுக்கில் நெறி கட்டி, காய்ச்சல் அடித்தது. அப்போதும் அவள், மருந்து வேலை செய்கிறது, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது என்றுதான் பாஞ்சாலையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலைதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சபேசன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். காலைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“ஊதா மருந்து போடறயோன்னோ?”

“பத்தியம் கெட்டுடும்னு நிறுத்திட்டன் சாமி.”

“ஐயோ! யாரு நிறுத்தச் சொன்னா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி போடுவா. போட்டுக்கோ. என் மாத்திரை எங்கயும் ஓடிடாது.” தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, நல்லமுத்துவுக்கு ஒரு சீட்டு எழுதினார். இந்தப் பெண் ஒரு மாதத்துக்குத் தண்ணீரில் நிற்கக் கூடாது, பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற இடத்தில் உலர்ந்த வேலையாகப் பார்த்துக் கொடுத்தால் புண்ணியமாகும் என்று, பிசிறில்லாத கையெழுத்தில். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். அதுதான் அவளைக் கவிழ்த்தது.

நல்லமுத்து சீட்டை இரண்டு தடவை படித்தான்.

“ஒரு மாசம் தண்ணியில நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காரு.”

“ஆமாங்க. வர்ணம் அடிக்கிற எடத்துல...”

“வர்ணம் அடிக்க டிரெயினிங் முடிச்ச பொண்ணுங்க இருக்குது. நீ தூரிகைய எந்தக் கையால புடிப்பன்னாவது தெரியுமா? தண்ணியில நிக்கக் கூடாதுன்னு வைத்தியரே சொல்லிட்டாரு. அதுக்கு மேல ஒன்ன எறக்கி, நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா எம் மேல இல்ல பழி வரும்? போயி ஒடம்பப் பாத்துக்கம்மா.”

மறுநாளே அவள் இடத்தில் திரௌபதி இறங்கினாள். தங்கம்மாள் தெருக்காரிதான். புருஷன் முந்திரிக்காட்டு வேலைக்கென்று போனவன் திரும்பி வரவில்லை, மூன்று பிள்ளைகள். அவளைக் குறைசொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்த மாதம் தங்கம்மாள் வீட்டில் எப்படி ஓடியதென்று விஸ்தாரமாகச் சொல்லப்போவதில்லை. மழை விட்டிருந்தது. கடலைக்கொல்லையில் யாராவது கூப்பிட்டால் களை எடுத்தாள். காய்ந்த மண், நல்ல வெயில். ஊசி போட்டுக்கொண்டாள், ஊதா மருந்தும் தடவினாள், சபேசனின் சர்க்கரை உருண்டைகளையும் விடாமல் போட்டுக்கொண்டாள். ஆனால் அவர் சொல்லியும் கருவாட்டை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை. இருபது நாளில் விரலிடுக்கில் புதுத் தோல் வந்துவிட்டது.

சபேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“பாத்தயா கோமளம், எப்படி ஆறியிருக்கு! குணம்னு எழுதிடறேன்.”

“எழுதுங்க சாமி. ஆனா மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல. வேல போச்சு, காலு காஞ்சிது. அதையும் சேத்து எழுதுங்க.”

பேனா அப்படியே நின்றது. அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அவர் கடைசிவரை அந்த வார்த்தையை எழுதவில்லை என்று கோமளம் பிற்பாடு யாரிடமோ சொன்னாளாம்.

ஆறிய காலோடு கம்பெனிக்குப் போனாள். “ஏழு பேரு இருக்குது தங்கம்மா. யாராச்சும் நின்னா சொல்லி அனுப்பறன்,” என்றான் நல்லமுத்து. பத்து நாள் கழித்துப் போனாள். அதே பேச்சு.

போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகத் தெரியாதவர்களுக்கு இந்தச் சீமையில் ஒரு கோர்ட்டு உண்டு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். ஊர், பேர் போட்டு, இன்னார் மேல் இன்ன குறை என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வரவேண்டும். பிராது கட்டுவது என்று பெயர். தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்பு கொடுத்துவிடும். காரியம் முடிந்தால் கட்டியவரே போய்ப் பிராதை வாபஸ் வாங்கவேண்டும். கலெக்டருக்குப் பயப்படாதவன்கூட இதற்குப் பயப்படுவான்.

திங்கட்கிழமை பாஞ்சாலை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்தாள்.

“தங்கம்மா, பூட்ஸுன்னு எழுது. ஏழு பேருக்கும் பூட்ஸு, ஒனக்கு எடம். ரெண்டையும் எழுதிடு.”

“ஒரு பிராதுல ஒண்ணுதான் கேக்கணுமாம். ரெண்டு கேட்டா சாமிக்குக் கோவம் வருமாம். எங்க வூட்டுக்காரரு சொன்னாரு.”

“அவரு என்னா கொளஞ்சியப்பருக்கு வக்கீலா? சரி, ஒண்ணுதான்னா பூட்ஸ எழுது. அத வாங்குனா எடம் தானா வரும்.”

“எப்பிடிக்கா வரும்? பூட்ஸு போட்டுக்கிட்டு திரௌபதி நிப்பா. நான் வெளிய நிப்பன். எம் புள்ளைங்களுக்கு நாலு நாளா கூழுதான். நீயி கட்டேன் ஒரு பிராது?”

பாஞ்சாலைக்கு வேலை இருந்தது. அதை வைத்துக்கொண்டு முதலாளி மேல் பிராது கட்ட அவளுக்கும் பயம்தான். கோயில் வாசலில் பிராது எழுதிக்கொடுக்கிறவர் பேனாவைத் திறந்து, என்னம்மா எழுத என்று கேட்டார். தங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, “தொட்டியில எனக்கு இருந்த எடம் திரும்பக் கெடைக்கணும். அவ்ளோதாங்க,” என்றாள்.

விஷயம் நாலே நாளில் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. அந்த வாரம் நல்லமுத்துவின் சூளையில் பாதிச் சரக்கு விரிசல் விட்டது. எப்போதும் விடுகிற விரிசல்தான். ஆனால் இப்போது அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே தங்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். கீற்று முடைந்துகொண்டிருந்த அர்ச்சுனன் எழுந்திருக்க முயன்றான்.

“ஒக்காரு ஒக்காரு. தங்கம்மா, எம் மேல பிராது கட்டிட்டியாமே? எம் பேரு போட்டா எழுதுன?”

“ஆமாங்க.”

“ஏம்மா, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்து வூட்ல இருக்குதும்மா. எங்க பெரியப்பா மேல ஒருத்தன் பிராது கட்டி, எழுபதாம் நாளு ஒரு பக்கம் கை காலு விழுந்தவரு எழுந்திரிக்கவே இல்ல. நான் கண்ணால பாத்தவன்.” அவனுக்குக் குரல் நடுங்கியது. அவ்வளவு பெரிய மனிதன் தன் வாசலில் நின்று நடுங்குவதைப் பார்த்துத் தங்கம்மாளுக்கே பாவமாகிவிட்டது. “சொல்லு. என்னா கேட்டு எழுதுன?”

“தொட்டியில என் எடத்தக் கேட்டு எழுதுனன்.”

“அப்பறம்?”

“அவ்ளோதாங்க.”

நல்லமுத்து அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மூச்சு விட்டான். அந்த மூச்சு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“அட, இவ்ளோதானா! நான் பூட்ஸு கேட்டு எழுதிட்டியாக்கும்னு இல்ல பயந்துட்டன்! அந்தப் பாஞ்சாலை வேற கூட வந்தாளாமே. நேத்து கடலூருக்கே ஆளு அனுப்பி ஏழு ஜோடி வெலை கேட்டுட்டு வரச் சொல்லிட்டன். பணத்துக்கு எங்க போறதுன்னு ராப்பூரா தூக்கமில்ல.” சிரித்தான். “நாளைக்கே வந்து எறங்கு. இன்னிக்கே போயி வாபஸ் வாங்கிடு.”

ஏழு ஜோடி. கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

“மொதலாளி, வெலை கேட்டதுதான் கேட்டுட்டீங்க. அந்தப் பூட்ஸையும்...”

“பிராதுல இருக்குதா?”

“இல்லீங்க.”

“சாமி கேக்காதத நீ கேக்கலாமாம்மா? அது சாமிக்கே அடுக்காது.” அவன் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

“திரௌபதி?”

“தொட்டியில ஏழு பேருக்குத்தான் எடம். அத நீ பாத்து எழுதியிருக்கணும்.”

அவன் போனபிறகு அர்ச்சுனன், “எடம் கெடச்சிடுச்சி பாத்தியா!” என்றான். அவள் அவனை அடிக்காமல் விட்டது பெரிய காரியம். கோயிலுக்குப் போய் வாபஸ் வாங்கிவிட்டு, வரும் வழியில் ஒரு படி கேழ்வரகு கடனுக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

பாஞ்சாலைக்கு விஷயம் தெரிந்தபோது அவள் திட்டவில்லை. “ஏழு ஜோடியா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு நாள் தங்கம்மாளோடு பேசவில்லை. மற்ற ஐந்து பேரும் பேசினார்கள். அவர்கள் பேசியதற்குப் பாஞ்சாலையின் மௌனமே தேவலை.

தொட்டிக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் தங்கம்மாளின் விரலிடுக்கு மறுபடி வெளுத்தது. ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டுத் தொட்டியில் இறங்கியபோது, பாஞ்சாலை பக்கத்தில் வந்து நின்று மிதிக்க ஆரம்பித்தாள்.

“திரௌபதி திங்கக்கெழம மணவாளநல்லூரு போயிட்டு வந்தாளாம். பிராது கட்டிட்டாளாம்.”

“கட்டட்டும்க்கா. அவளாச்சும் வெவரமா எழுதியிருப்பா. மொதலாளி நல்லா மாட்டுனாரு.”

“மொதலாளி மேல இல்லடி. ஒம் மேல.”

தங்கம்மாளின் கால் நின்றுவிட்டது. “எம் மேலயா? நான் என்னா செஞ்சன்?”

“அவ எடத்தப் புடுங்கிக்கிட்டியாம். அது அவளுக்குத் திரும்பக் கெடைக்கணும்னு எழுதியிருக்குதாம். அவ்ளோதானாம்.”

“பூட்ஸு?”

“அவளுக்கு ஏதுடி அந்த நெனப்பு? மூணு நாளா அவ வூட்ல அடுப்பு எரியல.”

கரைமேல் நல்லமுத்து வந்து நின்றிருந்தான். அவன் காதுக்கும் விஷயம் போயிருந்தது. தங்கம்மாள் சேற்றோடு இரண்டு கையையும் கூப்பினாள்.

“மொதலாளி, நீங்க அவளக் கூப்புட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. எட்டாவது ஆளா அவளையும் எறக்கிக்குங்க. எம் மேல கட்டியிருக்குதுங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க.”

“எம் பேரு அதுல இல்லையாம். விசாரிச்சிட்டன்,” என்றான் அவன். “இது ஒங்க ரெண்டு பேரு வழக்கு. சாமி என்னா தீர்ப்பு சொல்லுதோ அதும்படி செஞ்சிக்குங்க. எனக்கு ஏழு பேரு நின்னா போதும். யாரு காலுன்னு நான் பாக்குறதில்ல.”